பஸ் ஏறுமுன் மூடியைத் திறந்து பாருங்கள்!

கந்தர்வக்கோட்டையில் எனக்கு வேண்டிய ஒருவர் இருக்கிறார். கல்யாண ஆல்பம் தயாரிப்பது அவர் தொழில். சின்னக் கடை. கடைக்குள் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான் அவருடைய முதல்.

அந்தக் கம்ப்யூட்டர் நம் வீட்டுப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்றது அல்ல. பெரிய கம்பெனியில் என்ஜினீயர்கள் சில வருஷம் உபயோகித்துவிட்டுக் கழித்தது. "ஒர்க்ஸ்டேஷன்" என்று பெயர். இரண்டு கையாலும் தூக்கினால்தான் அசையும். பழசு என்றாலும் உழைக்கிற ஜாதி. மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கினார்.

கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு திணற ஆரம்பித்தது. இப்போது வரும் காமிராக்களில் ஒவ்வொரு படமும் பெரிது. நாற்பது பக்க ஆல்பத்தைத் திறந்தால், மெஷின் மூச்சு வாங்கியது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம் போவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

"மெமரி பத்தலை அண்ணே! ரேம் கூட்டுங்க, பறக்கும்!" என்றார் பக்கத்துக் கடைத் தம்பி.

அண்ணன் தஞ்சாவூர் பஸ் ஏறினார். எட்டு ஜி.பி. ரேம் இரண்டு வாங்கினார். ராத்திரி கடையைத் திறந்து மாட்டினார். சரியாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டார்.

திரை இருட்டு. "பீப்... பீப்..." என்ற சத்தம் மட்டும் வந்தது.

மறுநாள் மீண்டும் பஸ். கடைக்காரர் அந்த ரேமை வாங்கித் தம்முடைய மெஷினில் மாட்டிக் காட்டினார். அழகாக ஓடியது! "பாருங்கள், சாமான் நல்ல சாமான். கோளாறு உங்கள் பெட்டியில்தான்" என்று சொல்லிவிட்டார்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சாமான் நல்ல சாமான்தான். நம்மவர் பெட்டியிலும் கோளாறு இல்லை. பின் என்னதான் சங்கதி? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

களமும் குதிரும்

முதலில் ரேம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம்.

வீட்டில் நெல் கொட்டி வைக்கும் குதிர் உண்டு. நெல்லைக் காயவைக்க, தூற்ற, அளக்கக் களம் உண்டு. குதிர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வேலை நடப்பது களத்தில்தான். களம் சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? கொஞ்சம் எடுத்து வந்து காயவைத்து, அதை உள்ளே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அப்புறம் அடுத்த கொஞ்சத்தை எடுத்து வரவேண்டும். ஆளுக்கு நடையே வேலையாகிவிடும்.

கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் என்பது குதிர். ரேம் என்பது களம். உங்கள் படம், பாட்டு, கணக்கு எல்லாம் தங்கியிருப்பது ஹார்ட் டிஸ்க்கில். வேலை நடக்கும் நேரத்தில் மட்டும் அவை ரேமுக்கு வரும். ரேம் போதாவிட்டால் மெஷின் ஹார்ட் டிஸ்க்குக்கும் ரேமுக்கும் நடையாய் நடக்கும். அதைத்தான் நாம் "ஹேங் ஆகிறது" என்கிறோம்.

ரேமுக்கு இன்னொரு குணம் உண்டு. கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும்! 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. கரண்ட் திரும்ப வருவதற்குப் பல நாள் ஆயிற்று. ஹார்ட் டிஸ்க்கில் இருந்த படங்கள் அத்தனை நாளும் பத்திரமாக இருந்தன. ரேமாக இருந்திருந்தால் கரண்ட் போன அந்த நொடியே எல்லாம் போயிருக்கும்.

இன்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும் இந்த வகை ரேமுக்கு வழி கண்டவர் ராபர்ட் டென்னார்டு என்ற அமெரிக்கர். ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தவர். 1966-ல் அவருக்கு இந்த யோசனை தோன்றியது. 1968-ல் காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு எழுத்தையும் துளித் துளி மின்சாரமாகச் சேமிப்பதுதான் அந்த யோசனை.

ஆனால் அந்தத் துளிகள் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே நொடிக்குக் குறைந்தது 15 தடவை, எல்லாக் குடத்தையும் மெஷின் மறுபடி நிரப்ப வேண்டும். நீங்கள் டீ குடிக்கும்போதும், கொட்டாவி விடும்போதும், உள்ளே இந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவு நுட்பமான சாமானை, கத்தரிக்காய் வாங்குவது போல் "எட்டு ஜி.பி. ரெண்டு கொடுங்க" என்று கேட்டு வாங்கலாமா?

உண்மையிலேயே வேண்டுமா?

வாங்குமுன் ஒரு கேள்வி. ரேம் உங்களுக்கு வேண்டுமா?

"மெஷின் மெதுவாக இருக்கிறது" என்று யார் சொன்னாலும் "ரேம் போடு" என்று மருந்து சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரையா?

உங்கள் கம்ப்யூட்டரையே கேட்டுப் பாருங்கள். காசு கேட்காமல் பதில் சொல்லும். வழக்கமாகச் செய்யும் பெரிய வேலைகளை எல்லாம் திறந்து வையுங்கள். பிறகு கீபோர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். "டாஸ்க் மேனேஜர்" என்று ஒரு பலகை வரும். அதில் "பெர்ஃபார்மன்ஸ்" என்ற இடத்தில் "மெமரி" என்று இருக்கும். மொத்த ரேம் எவ்வளவு, அதில் எவ்வளவு செலவாகிறது என்று காட்டும்.

வேலை முழு மும்முரத்தில் இருக்கும்போதும் பாதிதான் செலவாகிறதா? ரேம் வாங்காதீர்கள். உங்கள் நோய் வேறு. பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணமாக இருக்கும். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாலே மெஷின் துள்ளி எழும். முக்காலுக்கு மேல் போய், நிறைந்து வழிகிறது என்றால்தான் ரேம் பேச்சு.

அதே பலகையில் இன்னும் இரண்டு விவரம் இருக்கும். ரேமின் வேகம் ஒன்று. மாட்டும் இடங்கள் மொத்தம் எத்தனை, அவற்றில் எத்தனை நிறைந்திருக்கின்றன என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மிகப் பழைய மெஷினில் 32 பிட் விண்டோஸ் இருந்தால், எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜி.பி.க்கு மேல் உபயோகமாகாது. அதில் பணம் போடுவது மணலில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

ஜாதகம் பார்க்க வேண்டியது இங்கேதான்

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ரேமுக்குப் பொருத்தம் பார்ப்பதில் உண்டு!

ரேமில் தலைமுறைகள் உண்டு. டிடிஆர்-3 என்பது 2007-ல் வந்தது. டிடிஆர்-4, 2014-ல் வந்தது. டிடிஆர்-5க்கு விதிமுறை 2020-ல் வெளியாயிற்று. ஒரு தலைமுறை ரேம் இன்னொரு தலைமுறையின் இடத்தில் உட்காராது. அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு ஒவ்வொரு தலைமுறைக்கும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. மின்சார அளவும் வேறு. டிடிஆர்-3க்கு 1.5 வோல்ட். டிடிஆர்-4க்கு 1.2. டிடிஆர்-5க்கு 1.1. உட்கார மறுத்தால் அழுத்தாதீர்கள். அழுத்தி உடைத்தவர்கள் உண்டு.

லேப்டாப் ரேம் நீளத்தில் குட்டை. அது மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஆகாது. இது பார்த்தாலே தெரிந்துவிடும்.

பார்த்தால் தெரியாத பொருத்தம் ஒன்று இருக்கிறது. ஆல்பக்காரரைக் கவிழ்த்தது அதுதான்.

எச்.பி. இசட் 440, டெல் பிரிசிஷன் 5810 போன்றவை 2014-ல் வந்த ஒர்க்ஸ்டேஷன்கள். இப்படிப்பட்டவைதான் இப்போது கம்பெனிகளிலிருந்து கழிந்து நம் ஊர்களுக்கு வருகின்றன. இரண்டிலும் ரேம் மாட்ட எட்டு இடங்கள் உண்டு. ஆனால் இவற்றுக்கு வேண்டியது "ரிஜிஸ்டர்டு" என்ற வகை ரேம். மெஷினுக்கும் மெமரிக்கும் நடுவில் ஒரு சில்லு நின்று, உத்தரவுகளை வாங்கி ஒழுங்காகக் கடத்தும். அந்தச் சில்லு சாதாரண ரேமில் கிடையாது.

டிடிஆர்-4ல் இந்த இரண்டு வகைக்கும் நீளம் ஒன்று. வெட்டு ஒரே இடத்தில். இரண்டுக்கும் பற்கள் 288. ஆகவே இதன் இடத்தில் அது சுகமாக உட்கார்ந்துவிடும். ஆனால் மெஷின் எழுந்திருக்காது! இரண்டு வகையையும் ஒரே மெஷினில் கலக்கவே முடியாது. நம்மவர் பழைய ரேமோடு புது ரேமைச் சேர்த்து மாட்டினார் அல்லவா? அதனால்தான் "பீப், பீப்".

கடைக்காரர் சோதித்த மெஷின் சாதாரண மெஷின். அதில் அந்த ரேம் ஓடத்தான் ஓடும். இருவர் பேரிலும் பொய் இல்லை. கேட்கத் தெரியாமல் கேட்டார் ஒருவர். கேட்காமல் கொடுத்தார் மற்றவர். போனது இரண்டு நாள் பிழைப்பும் பஸ் காசும்!

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கஷ்டம் இல்லை. ரேமின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். கம்பெனியோடு வந்த பெரும்பாலான ரேம்களில் "பிசி 4" என்று தொடங்கி ஒரு வரி இருக்கும். அதில் வேக எண், பிறகு ஒரு சிறு கோடு, அதற்குப் பின் ஓர் ஆங்கில எழுத்து. அந்த எழுத்து "ஆர்" என்றால் ரிஜிஸ்டர்டு. "யு" என்றால் சாதாரணம். "ஈ" என்றால் பிழை திருத்தும் வசதி உள்ளது, ஆனால் ரிஜிஸ்டர்டு அல்ல. இங்கிலீஷ் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. ஓர் எழுத்து தெரிந்தால் போதும். அல்லது அந்தச் சீட்டைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். நாம் வாயால் சொல்வதைவிட அந்தப் படம் தெளிவாகச் சொல்லும்.

தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரமில்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். சென்னை ரிச்சி தெருவுக்கு 350 கிலோமீட்டருக்கு மேல். பட்டணத்தில் இருப்பவர் தப்பாக வாங்கினால், சாயங்காலம் நடந்துபோய் மாற்றிக்கொள்வார். நாம் ஒரு நாள் கடையைப் பூட்ட வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு பஸ் ஏறுங்கள் என்று.

கலக்கலாமா?

இப்போது பலரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். இருக்கிற ரேமோடு வேறு கம்பெனி ரேமைக் கலக்கலாமா? எட்டோடு நாலைச் சேர்க்கலாமா?

கலக்கலாம். தலைமுறையும் வகையும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் ஓடும். "கலந்தால் மெஷின் எரிந்துவிடும்" என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள்.

ஆனால் கலந்தால் சில நஷ்டங்கள் உண்டு. வண்டியில் ஒரு மாடு வேகமாகவும் ஒரு மாடு மெதுவாகவும் நடந்தால், வண்டி யார் வேகத்தில் போகும்? மெதுவாக நடக்கும் மாட்டின் வேகத்தில்தான்! 2666 வேக ரேமோடு 3200 வேக ரேமைச் சேர்த்தால் இரண்டும் 2666-ல்தான் ஓடும். அதிக வேகத்துக்குக் கொடுத்த அதிக விலை வீண்.

அடுத்தது ஜோடிக் கணக்கு. மேஜைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு ரேமோடு பேச இரண்டு பாதைகள் உண்டு. ஒரே ஒரு 16 ஜி.பி. போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். இரண்டு 8 ஜி.பி. போட்டால் இரண்டு பாதையிலும் வண்டி ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒர்க்ஸ்டேஷனில் நான்கு பாதைகள் இருப்பது உண்டு. நான் சொன்ன இரண்டு மாடலும் அப்படித்தான். அவற்றில் நான்கு நான்காகப் போடுவது நல்லது.

எட்டும் நாலும் சேர்த்தால்? பல மெஷின்கள் சமாளித்துக்கொள்ளும். நாலுக்கு நாலு ஜோடியாகி எட்டு ஜி.பி. வரை வேகமாக ஓடும். மிச்சமுள்ள நாலு ஒற்றைப் பாதையில் ஓடும். மோசமில்லை. மெமரி பற்றாமல் திணறுவதைவிட இது எவ்வளவோ மேல். நான்கு இடங்கள் உள்ள போர்டில் இரண்டு மட்டும் மாட்டுவதானால், அநேக போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். போர்டோடு வந்த சிறு புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். அந்தப் புத்தகத்தைக் குழந்தைகள் கப்பல் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிடிஆர்-5 மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. நான்கு இடத்தையும் நிரப்பினால் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில சமயம் முரண்டும் பிடிக்கும். நாலு சிறிது வாங்குவதைவிட இரண்டு பெரிது வாங்குங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பிள்ளை படிக்கும் கம்ப்யூட்டரில் தாராளமாகக் கலந்து கொள்ளுங்கள். கோளாறு வந்தால் நஷ்டம் சிறிது. ஆனால் பிறர் காசு கொடுத்து ஒப்படைத்த வேலை நடக்கும் கம்ப்யூட்டரில் கலக்காதீர்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பெட்டியில் வந்த ஜோடியாக வாங்கிப் போடுங்கள். பழையதை எடுத்து வீட்டு மெஷினுக்குப் பொருந்தினால் போடுங்கள், இல்லாவிட்டால் விற்றுவிடுங்கள்.

ஏன் இப்படிக் கறாராகச் சொல்கிறேன்? அதற்கும் ஒரு கதை உண்டு.

மணமகள் முகத்தில் கோடு

ஆல்பக்காரருக்கு ஒரு சிநேகிதர். அவரும் படம் பிடிப்பவர். அவரிடம் இருந்தது சாதாரணக் கம்ப்யூட்டர். எங்கிருந்தோ கழற்றிய பழைய ரேம் ஒன்றை மலிவாக வாங்கிச் சேர்த்தார். மெஷின் நன்றாகவே ஓடியது. வாரத்துக்கு ஒரு தடவை நீலத் திரை வந்து நிற்கும். "கரண்ட் சரியில்லை" என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு கல்யாணம் முடிந்தது. காமிரா கார்டிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அங்கிருந்து இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுத்தார். கெட்டிக்காரர்தான்! பிறகு அடுத்த கல்யாணத்துக்காகக் கார்டை அழித்துவிட்டார்.

ஆல்பம் செய்ய உட்கார்ந்தபோது சில படங்களில் பாதிக்குக் கீழே பச்சைக் கோடு. சில படங்கள் திறக்கவே இல்லை. தாலி கட்டும் படம் ஒன்றில் மணமகள் முகத்தில் நெற்றியிலிருந்து கீழே நிறம் மாறியிருந்தது. பிரதியிலும் அப்படியே!

காரணம் என்ன? ஒரு படம் கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும்போது நடுவில் ரேம் வழியாகத்தான் போகிறது. அந்த ரேமில் ஒரு குடம் உடைந்திருந்தது. அதில் விழுந்த எழுத்து எல்லாம் மாறிப்போயிற்று. முதல் பிரதியே கெட்டது. கெட்டதைப் பார்த்துக் காப்பி அடித்தது இரண்டாவது பிரதி.

பெண் வீட்டார் சண்டைக்கு வரவில்லை. அந்தப் பெண்ணின் பாட்டி கல்யாணத்துக்கு அடுத்த மாதம் காலமாகிவிட்டார். பாட்டி அட்சதை போடும் படமும் போனவற்றில் ஒன்று. "பரவாயில்லை தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றார் அவர்.

கெட்ட ரேம் என்பது நின்றுபோகும் மெஷின் அல்ல. நின்றால் நல்லது, தெரிந்துவிடும். ஓடிக்கொண்டே தப்புக் கணக்குப் போடும் குமாஸ்தா அது. ஒர்க்ஸ்டேஷன்களில் இதற்குத்தான் "ஈ.சி.சி." என்ற ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அந்த வகை ரேமில் வழக்கமான சில்லுகளோடு கணக்குச் சரிபார்க்கவும் சில்லு உண்டு. 64 பிட்டில் ஒரு பிட் தப்பினால் கண்டுபிடித்து அதுவே திருத்திவிடும். தொழிலுக்குப் பழைய ஒர்க்ஸ்டேஷன் வாங்குவது நல்லது என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணமே இதுதான்.

சாதாரண மெஷின்தான் உங்களிடம் இருக்கிறதா? ஒரு ராத்திரி செலவழியுங்கள். "மெம்டெஸ்ட் 86" என்று ஒரு சோதனை புரோகிராம் உண்டு. இலவசம். பென் டிரைவில் போட்டு அதிலிருந்து மெஷினைக் கிளப்ப வேண்டும். ரேமின் ஒவ்வொரு மூலையிலும் எழுதிப் படித்துப் பார்க்கும். கடை சாத்தும்போது போட்டுவிட்டுக் காலையில் வந்து பாருங்கள். பிழை பூஜ்யம் என்று இருக்க வேண்டும். "ஒன்றே ஒன்றுதானே" என்று சொல்லாதீர்கள். ஒன்று இருந்தாலும் அந்த ரேம் ஆகாது, அல்லது அது உங்கள் மெஷினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. புதுசானாலும், பழசானாலும், கலந்ததானாலும், இந்தச் சோதனை முடியும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

மாட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டு, உடம்பில் உள்ள மின்சாரத்தைப் போக்கிவிட்டு ரேமைத் தொடுங்கள். ஓரத்தைப் பிடியுங்கள். இரண்டு முனையிலும் சமமாக அழுத்தினால் "டக்" என்று கேட்கும். பள்ளிக்கூட ரப்பரால் பல்லைத் தேய்ப்பது நம் மெக்கானிக்குகளின் கைவைத்தியம். அழுக்கு போய்ப் பல தடவை உயிர் வருவதும் உண்மை. ஆனால் அதில் பூசியிருக்கும் தங்கம் மெல்லிய பூச்சு. மாதாமாதம் தேய்த்தால் தங்கமும் போய்விடும்.

பில் எங்கே?

ரேம் விலை 2025 கடைசியில் ஏறியதை வாங்கப் போனவர்கள் அறிவார்கள். சில மாதங்களில் இரட்டிப்பு. சில சாமான்களுக்கு அதற்கும் மேல். உலகத்தில் இந்த மெமரிச் சில்லுகளில் பெரும் பங்கைச் செய்பவை மூன்றே கம்பெனிகள். கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் கட்டுகிறவர்கள் அந்தச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போனார்கள். "குருஷியல்" என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தை விட்டுவிடப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தே விட்டது. எங்கோ அமெரிக்காவில் கட்டும் கூடத்துக்கும் கந்தர்வக்கோட்டை ஆல்பக் கடைக்கும் சம்பந்தம் உண்டு என்று யார் நினைத்தார்கள்?

புது ரேம் விலை ஏறினால் பழைய ரேமுக்கு மவுசு வரும். அங்கொன்று இங்கொன்றாகக் கழற்றிய ரேம் சந்தைக்கு வரும். அப்போது ஒரு வாசகம் காதில் விழும். "பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் குறைத்துக்கொள்கிறேன்."

கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஏமாறாதீர்கள்! 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. விற்ற சாமானுக்குப் பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வியாபாரம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. குறையுள்ள சாமானைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருந்தால் அத்தனை நாள். ஒன்றும் போடாவிட்டால் 30 நாள். "விற்ற சாமான் திரும்ப வாங்கப்படமாட்டாது" என்று சுவரில் எழுதி வைத்தால் சட்டம் செத்துப்போகாது.

புதுக்கோட்டையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1915 என்ற நம்பருக்குப் போன் செய்து குறை சொல்லலாம். ஆனால் கையில் பில் இல்லாமல் எதைக் காட்டுவீர்கள்?

பில்லிலும் "ரேம் - 2" என்று எழுதினால் போதாது. கம்பெனி, எத்தனை ஜி.பி., எந்த டிடிஆர், என்ன வேகம், ரிஜிஸ்டர்டா சாதாரணமா, வரிசை எண், எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். "என் மெஷின் இன்ன மாடல், அதற்காக வாங்குகிறேன்" என்பதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இருந்திருந்தால் நம் ஆல்பக்காரர் வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். அவருக்கும் வீண் சண்டை மிச்சம்தானே?

கடைக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சட்டை அளவு கேட்காமல் யாராவது சட்டை கொடுப்பார்களா? ரேம் கேட்டு வருகிறவரிடம் "என்ன மெஷின்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கிராமத்திலிருந்து வருகிறவர் கேட்கத் தெரியாமல் நிற்பார். அவர் தெரியாமையை லாபமாக எண்ண வேண்டாம்.

ஆல்பக்காரர் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்றாம் தடவை பஸ் ஏறினார். இந்தத் தடவை பழைய ரேம் ஒன்றைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் எடுத்துப்போனார். வேறு கடை. அவர்கள் சீட்டைப் பார்த்தார்கள். "இது ரிஜிஸ்டர்டு ஆச்சே, அண்ணே!" என்றார்கள். ஒரே மாதிரியாக நான்கு, எட்டு ஜி.பி. வீதம் எடுத்துக் கொடுத்தார்கள். பழையதை ஒரு விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பில்லும் போட்டார்கள். முதல் கடையில் வாங்கிய இரண்டும் அவருடைய மைத்துனர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பொருந்திவிட்டன. பாதி விலைதான் மைத்துனர் கொடுத்தார். மைத்துனர் அல்லவா, கேட்க முடியுமா?

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் மூடியின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. பால்பாயிண்ட் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். "டிடிஆர் 4. ரிஜிஸ்டர்டு. 8 ஜி.பி. நாலு. பில் பீரோ மேல் தட்டில்."